பொறிவல்லார் ஹோண்டா

ஜப்பான் நாட்டின் நடுப்பகுதியில், பசிபிக் பெருங்கடலை நோக்கிப் பாயும் தென்ரியூ என்னும் ஆற்றை அடுத்துக் கோமியோ என்னும் சிற்றூர் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அது ஹமமட்சு நகரத்தின் எல்லைக்குள் அடங்கிவிட்டது. அவ்வூரில் கிஹேய் என்னும் கொல்லர் ஒருவர் வாழ்ந்தார். உழவுக்குரிய கருவிகளைச் செய்வதும், பழுதுற்றவற்றைச் செப்பனிடுவதும் அவர்தம் தொழில். அவர் மனைவியார் மிகா என்பார் தறி நெய்வதில் கைதேர்ந்தவர். இவ்விருவர்க்கும் 1906-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் தலைமகனாய்த் தோன்றியவர் சோய்ச்சிரோ. ஹோண்டா என்பது குடிப்பெயர். நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் ஈருருளி வண்டிகள் பலவற்றின்மீது நாள்தோறும் நாம் காணும் பெயர் அக்கொல்லர் குடியின் பெயரே ஆகும்.

துருத்தியின் மூச்சும் சம்மட்டியின் ஓசையும் கேட்டு வளர்ந்த அக்குழந்தைக்கு, ஊரில் இருந்த அரிசி ஆலை ஒன்றே திருவிழாக் காட்சியாய் இருந்தது. அவ்வாலையை இயக்கிய எண்ணெய்ப் பொறி புகை கக்கி ஓடுவதைக் காணும்பொருட்டுப் பாட்டனார் முதுகில் ஏறிக்கொண்டு அடிக்கடி சென்று வருவார். ஒருநாள் அவ்வூருக்கு முதன்முதலாக மோட்டார் வண்டி ஒன்று வந்தது. சிறுவர் அதன் பின்னே மூச்சிரைக்க ஓடினார். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சில துளி மண்ணிற் சிந்தியிருந்தது. அவர் குனிந்து அதனை முகர்ந்தார். கையில் எடுத்துப் பூசிக்கொண்டார். அந்த மணம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

பள்ளிப் பாடங்களில் அவர் முதன்மை பெற்றார் என்று கூறுதற்கில்லை. மதிப்பெண் அட்டையைப் பெற்றோரிடம் காட்டி, அவர்தம் முத்திரையை ஒற்றிவரல் அந்நாட்டுப் பள்ளி வழக்கம். தந்தையார்க்கு அஞ்சிய சோய்ச்சிரோ, ரப்பர்த் துண்டு ஒன்றிற் குடிப்பெயரைத் தாமே செதுக்கி ஒற்றிக்கொண்டார். ஹோண்டா என்பதற்குரிய ஜப்பானிய எழுத்துகள் இடமும் வலமும் ஒத்த வடிவின. ஆதலின் அக்குறும்பு வெளிப்படவில்லை. நண்பர்க்கும் அவ்வாறே செய்து கொடுத்தபோது அவர்தம் பெயர்கள் கண்ணாடியிற் கண்ட எழுத்துப்போல் மாறி விழ, கள்ளம் பிடிபட்டது. தந்தையார் தந்த தண்டனை எளிதன்று.

ஹமமட்சு நகரில் அமெரிக்க விமானி ஒருவர் விமானம் ஓட்டிக்காட்டப் போகிறார் என்ற செய்தி அவர் காதில் விழுந்ததும் இப்பள்ளிப் பருவத்திலேதான். தந்தையின் பெரிய மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, இருக்கையில் அமர்ந்தாற் கால் எட்டாமையால் சட்டத்தின் இடையே காலை நுழைத்து மிதித்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றார். நுழைவுக் கட்டணத்துக்குக் கையில் இருந்த காசு போதவில்லை. அருகில் நின்ற தேவதாரு மரம் ஒன்றில் ஏறி அமர்ந்து, விரும்பியதைக் கண்குளிரக் கண்டு மீண்டார்.

1922-ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், டோக்கியோ நகரத்து மோட்டார்ப் பட்டறை ஒன்றில் அவர் தொழில் பயிலச் சேர்ந்தார். பொறிகளைத் தொடலாம் என்னும் ஆவலோடு சென்றவர்க்கு முதலிற் கிடைத்தது முதலாளியின் குழந்தையைச் சுமக்கும் வேலையே. முதுகிற் குழந்தையும் கையிற் கந்தைத் துணியுமாய்ப் பல திங்கள் கழிந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பெரு நிலநடுக்கம் ஒன்று டோக்கியோவை உலுக்கியது. எழுந்த தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. பட்டறையைத் தீ நெருங்கிய வேளையில், பழுதுபார்க்க வந்திருந்த வண்டி ஒன்றைச் சோய்ச்சிரோ ஓட்டி வெளியேற்றினார். பின்னர், தீயிற் கருகிக் கிடந்த வண்டிகளைச் சீர்செய்து ஓடவைக்கும் பணி அப்பட்டறைக்கு வந்தது. உருக்குலைந்தது என்று பிறர் ஒதுக்கியதனுள் உயிர் எஞ்சியிருக்கிறதா என்று தேடிப்பார்க்கும் பழக்கம் அவர்க்கு அப்போதே அமைந்தது எனலாம்.

1928-இல் ஹமமட்சுவுக்குத் திரும்பி, அப்பட்டறையின் கிளையாகத் தனிப்பட்டறை ஒன்று நிறுவினார். பொருள் பெருகிற்று. ஆயினும் பிறர் செய்த வண்டியைச் செப்பனிடுவதோடு அவர் உள்ளம் அமையவில்லை; தாமே ஒன்றைச் செய்ய விழைந்தார். அவர் தெரிந்தெடுத்தது பிஸ்டன் வளையம். பொறியின் உருளைக்குள் மேலுங்கீழும் ஓடும் உறுப்புக்குப் பிஸ்டன் என்று பெயர். அதனைச் சூழ்ந்து பூட்டப்படும் மெல்லிய இரும்பு வளையம், வெடித்தெழும் ஆவி கீழே கசியாமலும், கீழுள்ள எண்ணெய் மேலேறாமலும் காக்கும். பார்வைக்கு எளிய அப்பொருள் செய்வதற்கு அரியதாயிற்று. இரவு பகலாய் வார்த்துப் பார்த்தும் அவர் வளையங்கள் கல்போல் இறுகி உடைந்தன. தலைமயிர் வளர்ந்து தொங்க, உலையருகிலேயே உண்டு உறங்கினார். இறுதியில், ஹமமட்சு உயர்தொழிற் பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடம் வளையத்தைக் கொண்டு சென்றபோது, அவ்வுலோகத்திற் சிலிக்கன் என்னும் தனிமம் குறைந்துள்ளமை புலனாயிற்று. தமக்கு அடிப்படை அறிவு இல்லை என்பதை ஹோண்டா அன்று உணர்ந்தார். முப்பது வயதைக் கடந்தவர், பட்டறைக்கு உடையவர், பிள்ளைகளோடு பிள்ளையாய் அப்பள்ளியில் அமர்ந்தார். தேர்வு எழுதவில்லை; பட்டமும் பெறவில்லை. தமக்கு வேண்டிய அறிவை மட்டும் பெற்றுக்கொண்டு வெளியேறினார். டொயோட்டா நிறுவனத்துக்கு முதலில் அவர் கொடுத்த 50 வளையங்களுள் 3 மட்டுமே தேர்வில் தேறின. பின்னர்த் தொழில் தேர்ந்தது. தோகாய் செய்க்கி என்னும் அவரது நிறுவனம் வளர்ந்தது.

அதற்குள் போர் மூண்டது. ஆடவர் போர்முனைக்குச் செல்ல, மகளிர் தொழிற்சாலைக்கு வந்தனர். அவர்கள் எளிதிற் கையாளத்தக்க தானியங்கு எந்திரங்களை ஹோண்டா அமைத்தார். விமானத்தின் மரச் சுழலி ஒன்றைக் கையாற் செதுக்க ஒரு வாரம் ஆன காலத்தில், அரை மணி நேரத்தில் இரண்டு செதுக்கும் எந்திரத்தையும் இயற்றினார். இவையெல்லாம் போருக்குத் துணையாயின என்பதை மறைத்தற்கில்லை. போரே அவர் தொழிலையும் விழுங்கிற்று. ஹமமட்சுவில் இருந்த தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. இவாட்டா என்னும் இடத்திலிருந்த தொழிற்சாலை 1945 ஜனவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இடிந்து வீழ்ந்தது. ஆகஸ்டுத் திங்களில் ஜப்பான் சரணடைந்தது. எஞ்சியிருந்த உரிமையை டொயோட்டாக் குழுவினர்க்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஓராண்டுக்காலம் தொழில் எதுவுமின்றி ஹோண்டா வாளா இருந்தார். மருத்துவச் சாராயம் ஒரு பீப்பாய் வாங்கி வைத்துக்கொண்டு, நண்பரோடு அருந்தி மகிழ்ந்து பொழுது போக்கினார். உழைப்பையன்றி வேறறியாத அவர் சோர்ந்துபோனார் என்றே சுற்றத்தார் கருதினர்.

1946-ஆம் ஆண்டில் அவர் மீண்டெழுந்தார். வெடிகுண்டு விழுந்த மனையில் மரத்தாற் கொட்டகை ஒன்று எழுப்பி, ஹோண்டா தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டினார். பெயர் பெரிது, உள்ளே இருந்தோர் பத்துப் பன்னிருவர், கருவிகளோ பழையன. நெசவெந்திரம் செய்ய எண்ணினார். அதற்குப் பொருள் போதவில்லை. யாது செய்வது என்று தெளியாதிருந்த அந்நாளில், தற்செயலாய் நண்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றார். ஆங்கு ஒரு மூலையிற் சிறு பொறி ஒன்று கிடந்தது.

அது படைத்துறைப் பொறி. போர்க்களத்திற் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் ஊட்டும்பொருட்டுச் செய்யப்பட்டது. படை கலைக்கப்பட்டபின் அத்தகைய பொறிகள் கேட்பாரற்றுப் போயின. தந்தி அனுப்பப் படை இல்லை. பழைய இரும்பு என்பதன்றி அவற்றுக்கு வேறு மதிப்பில்லை. ஹோண்டா அதனைக் கையிலெடுத்துப் பார்த்த கணத்திலேயே, இதனை ஏன் மிதிவண்டியிற் பூட்டலாகாது என்னும் எண்ணம் அவருள் எழுந்தது.

அந்நாளைய ஜப்பானின் நிலையை அறிந்தாலன்றி அவ்வெண்ணத்தின் அருமை விளங்காது. நகரங்கள் சாம்பலாய்க் கிடந்தன. பங்கீட்டில் அளந்த அரிசி வயிற்றுக்குப் போதவில்லை. உணவு தேடி நாட்டுப்புறம் செல்வோரால் இரயில் வண்டிகள் நிரம்பி வழிந்தன. பேருந்துகள் அரியவாயின, பெட்ரோல் கட்டுப்பாட்டில் இருந்தது. மிதிவண்டி ஒன்றே எளியோர்க்குத் துணை. பசித்த உடம்போடு, மூட்டையைப் பின்னே கட்டிக்கொண்டு, மேட்டு நிலத்தில் அதனை மிதிப்பது எத்துணைக் கடுமை! மிதிவண்டிக்குத் துணைப்பொறி பூட்டும் முறை மேலைநாடுகளில் முன்னரே இருந்தது. அதனைப் புதிதாகக் கண்டவர் ஹோண்டா அல்லர். கண்ணெதிரே கிடந்த கழிபொருளையும், கண்ணெதிரே நின்ற துன்பத்தையும் ஒருசேர நோக்கியதே அவர் செய்த புதுமை.

முதலில் பொறியை முன்சக்கரத்தின்மேல் வைத்து, ரப்பர் உருளை ஒன்றால் சக்கரத்தை உரசிச் சுழலச் செய்தார். சக்கரத்தின் ரப்பர் விரைவில் தேய்ந்து போயிற்று. அம்முறையைக் கைவிட்டு, பொறியைச் சட்டத்தின் நடுவே அமைத்து, வார்ப்பட்டையால் பின்சக்கரத்தை இயக்கினார். எரிபொருள் வைக்கத் தகுந்த கலம் அகப்படவில்லை. குளிர்காலத்திற் படுக்கையைச் சூடேற்றுதற்கு வீட்டிலிருந்த வெந்நீர்க் கலத்தையே எடுத்துப் பொருத்திவிட்டார். இல்லத்தார் அன்றிரவு குளிரில் நடுங்கினரோ, அறியோம்.

அவ்வண்டியை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு அவர் மனைவியார் சாச்சி அம்மையார்க்கு வாய்த்தது. மகளிரும் எளிதில் ஓட்டக்கூடும் என்பதைக் காட்டவேண்டும் என்பது கணவர் கருத்து. நகரத்தின் நெருக்கமான தெருக்களிற் செல்வதாயிற்றே என்று, அம்மையார் தம்மிடமிருந்த உடைகளுள் நல்லதனை உடுத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அவ்வுடையெல்லாம் எண்ணெய்க் கறை. எரிபொருளைக் காற்றொடு கலக்கும் உறுப்பிலிருந்து எண்ணெய் பின்னோக்கித் தெறித்திருந்தது. இவ்வாறாயின் வாங்கியவர்கள் கடிந்துகொள்வார்கள் என்று அம்மையார் தயங்காமற் கூறிவிட்டார். விற்பனைக்கு வந்த வண்டிகளில் அவ்வுறுப்புக்கு மூடி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற ஈருருளி வண்டிகளின் முதற் சோதனையாளர் பெண்மணி ஒருவர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ 500 பொறிகள் ஹோண்டாவுக்குக் கிட்டின. வாங்கியதை வாங்கியபடியே மிதிவண்டியில் மாட்டி விற்றிருந்தாலும் அன்று கேட்பார் இலர். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொரு பொறியையும் பிரித்து, துடைத்து, வேண்டிய மாற்றம் செய்து, மீண்டும் பூட்டி, ஓட்டிப் பார்த்த பின்னரே வெளியே அனுப்பினார். பெட்ரோல் அரிதாகையால், தேவதாரு வேரிலிருந்து வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டினர். புகை கண்ணைக் கரித்தது; நாற்றம் தெருவை நிறைத்தது. பொறியின் ஓசையைக் கொண்டே மக்கள் அவ்வகை வண்டியைப் ‘பட்டபட்ட’ என்று வழங்கினர். நம் மொழியில் உள்ள படபட என்னும் இரட்டைக்கிளவியோடு அஃது ஒத்திருத்தல் காண்க. நகோயா, ஒசாக்கா, டோக்கியோ முதலிய தொலைநகர்களிலிருந்தும் வணிகர் பணத்தோடு வந்து ஹமமட்சுவிற் காத்திருந்தனர்.

பொறிகள் தீர்ந்தன. போர் விட்டுச்சென்ற எச்சம் வரம்புடையது. தேடித் திரிந்தாலும் பெருகாது. இந்த இடத்திலேதான் பலர் நின்றுவிடுவர். கிடைத்ததைக் கொண்டு ஈட்டிய பொருளை எண்ணி மகிழ்ந்து, வேறு கழிபொருள் உண்டோ என்று நோக்குவர். ஹோண்டா தாமே பொறி செய்வது என்று துணிந்தார். 1947-இல் முதலில் அவர் வரைந்த பொறி புகைபோக்கியைப் போல் நீண்ட தலையுடையது. எண்ணம் சிறந்ததே, ஆனால் அன்று கிடைத்த உலோகமும், இருந்த கருவிகளும் அவ்வளவு நுண்மைக்கு ஈடுகொடுக்கவில்லை. அது கைவிடப்பட்டது. மீண்டும் வரைந்தனர். அவ்வாண்டு உயர்தொழிற் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த கியோஷி கவாஷிமா என்னும் இளைஞர் வரைபடப் பணியிற் பங்குகொண்டார். உறுப்புகளைக் கடைந்தெடுத்தால் உலோகம் சீவலாய் வீணாகும் என்று, விலைமிக்க இரும்பு அச்சுகளில் வார்க்கும் முறையை ஹோண்டா வற்புறுத்தினார். கொட்டகைத் தொழிலுக்கு அது தகாத ஆடம்பரம் என்று கண்டோர் கருதினர். அவ்வாண்டின் இறுதியில் ‘ஏ’ வகைப் பொறி வெளிவந்தது. ஹோண்டா என்னும் பெயர் தாங்கி விற்பனைக்கு வந்த முதற்பொருள் அதுவே.

1948 செப்டம்பர் 24-ஆம் நாள், 10 இலட்சம் யென் முதலோடு ஹோண்டா மோட்டார் நிறுவனம் தோன்றிற்று. அடுத்த ஆண்டில் ‘டிரீம்’ என்னும் முழு மோட்டார் மிதிவண்டி வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தாக்கியோ புஜிசாவா என்பார் வந்து சேர்ந்தார். பொறி ஹோண்டாவுடையது, பொருளும் வணிகமும் புஜிசாவாவுடையன என்று இருவரும் பிரித்துக்கொண்டனர். ஹோண்டா தம் முத்திரையையே நண்பரிடம் ஒப்படைத்துவிட்டார். இளமையிற் பொய்முத்திரை செதுக்கியவர், முதுமையில் மெய்முத்திரையைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுக் கவலையின்றி இருந்தார். 1954-இல் விற்பனை சரிந்து நிறுவனம் தள்ளாடியது. அக்காலத்திலேயே, பிரித்தானியத் தீவுகளைச் சார்ந்த மான் தீவில் நிகழும் உலகப் பெரும் பந்தயத்தில் கலந்துகொள்வோம் என்று ஹோண்டா அறிக்கை விடுத்தார். 1959-இல் ஜப்பானிய ஓட்டுநர்கள் ஆங்கு முதன்முதலாக ஓடி ஆறாம் இடமும் குழுப்பரிசும் பெற்றனர். 1961-இல் இருவகைப் பந்தயங்களில் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டா வண்டிகளுக்கே உரியவாயின.

எனினும் பந்தய வண்டிகளைக் காட்டிலும் மக்கள் வாழ்வை மாற்றியது 1958-இல் வெளிவந்த ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியே. உணவுக்கடைப் பணியாளர் ஒரு கையில் உணவுத்தட்டு ஏந்தி, மறுகையால் ஓட்டத்தக்கதாய் அது அமைய வேண்டும் என்பது கருத்து. சேலைபோல் நீண்ட உடை உடுத்தோரும் காலைத் தூக்காமல் ஏறலாம். 2017-ஆம் ஆண்டளவில் இவ்வகை வண்டிகள் 10 கோடி செய்யப்பட்டிருந்தன.

ஹோண்டாவின் குறைகளையும் கூறுதல் கடன். அவர் கடுஞ்சினத்தர். வேலை பிழைபட்டால் கையிலிருந்த கருவியை வீசி எறிவார். இளைஞரை அடித்ததும் உண்டு. இதனைப் புகழ்போல் எழுதுவாரும் உளர்; அது புகழத்தக்கதன்று. அவரது இடக்கை முழுதும் தழும்புகள். சம்மட்டி பிடித்த வலக்கையின் பிழைகளை எல்லாம் இடக்கையே தாங்கியது. பொறியைக் காற்றாற் குளிர்விக்கும் முறையே சிறந்தது என்னும் பிடிவாதமும் அவரிடம் முற்றியிருந்தது. 1968-இல் அம்முறையில் அமைந்த பந்தயக் கார் ஒன்றை அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவர் ஓட்ட மறுத்தார். அதனை ஓட்டிச்சென்ற வேறொருவர் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் விபத்துற்று, தீயிற்பட்டு இறந்தார். அதன் பின்னரும் ஹோண்டாவின் உறுதி தளரவில்லை. புகையிலுள்ள நச்சைக் குறைக்க வேண்டுமாயின் நீராற் குளிர்விக்கும் முறையே வேண்டும் என்று இளம் பொறியாளர்கள் வாதிட்டனர். தலைவராய் இருக்க விருப்பமா, பொறியாளராய் இருக்க விருப்பமா என்று புஜிசாவா வினவியபின், ஹோண்டா இளைஞர்க்கு வழிவிட்டார்.

அவர்கள் செய்த பொறி 1972-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்க நாடு விதித்திருந்த கடுமையான புகைக் கட்டுப்பாட்டுக்கு அது பொருந்தியது. அமெரிக்கப் பெருநிறுவனங்களை வெல்ல வாய்ப்பு வந்தது என்று ஹோண்டா களித்தார். தாங்கள் உழைத்தது நிறுவனத்தின் வெற்றிக்காக அன்று, மக்கள் மூச்சுவிடும் காற்றுக்காக என்று இளைஞர்கள் கருதுவதை அறிந்தபோது நாணினார். 1973 அக்டோபரில் அவரும் புஜிசாவாவும் ஒருங்கே பதவி துறந்தனர். இளைஞராய் வந்த கவாஷிமா தலைவரானார். ஹோண்டா தம் மைந்தரை நிறுவனத்தில் அமர்த்தவில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் செய்த முதற்பணி, நாடு முழுதும் பயணம் செய்து தம் தொழிலாளர் ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு நன்றி கூறியது. பெரிய தொழிற்சாலை என்றும், இரண்டு மூவர் உள்ள சிறு கடை என்றும் வேறுபாடு கருதாமல் எல்லா இடங்களுக்கும் சென்றார். ஓரிடத்தில், வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கை குலுக்க முன்வந்து, தம் கையில் எண்ணெய் படிந்திருப்பதைக் கண்டு பின்வாங்கிக் கழுவச் சென்றார். ஹோண்டா அவரைத் தடுத்து, அந்தக் கையையே பற்றிக் குலுக்கினார். பின்னர்த் தம் கையை முகர்ந்து பார்த்து மகிழ்ந்தார்.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் அவர் காலமானார். நிறுவனத்தின் சார்பிற் பெரிய ஈமச்சடங்கு நடத்தினால் தெருவிற் போக்குவரத்து தடைப்படும். வண்டி செய்தவன் அவ்வாறு செய்தல் ஆகாது என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். அவ்வாறே அது நடத்தப்படவில்லை.